விடுபட்ட பெயர்களும் தகவல் சட்டமும்: ஒரு விளக்கவுரை

2025 நவம்பர் கடைசியில் அடித்த டித்வா புயல் இலங்கையில் 600-க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. நுவரெலியா மாவட்டத்தில் ஏராளமான மரக்கறிப் பாத்திகள் மண்ணோடு போயின. டிசம்பர் தொடக்கத்தில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க நாடாளுமன்றத்தில் நிவாரணத் தொகைகளை அறிவித்தார். வீட்டைத் துப்புரவாக்க 25,000 ரூபாய், அழிந்த நெல், சோளச் செய்கைக்கு ஹெக்டேயருக்கு ஒன்றரை இலட்சம், மரக்கறிக்கு ஹெக்டேயருக்கு 2 இலட்சம்.

நுவரெலியா மாவட்டத்து உடப்புசல்லாவையில் தேயிலைக்கு அடுத்த பிழைப்பு மரக்கறி. லீக்ஸ், கரட், கோவா, பீட்ரூட், உருளைக்கிழங்கு என்று ஓடைக்கரையிலும் சரிவிலும் பாத்தி கட்டியிருப்பார்கள். அங்கே ஹெக்டேயர்க் கணக்கில் யாரும் பேசுவதில்லை, பேர்ச்சஸ் கணக்குத்தான். ஒரு ஏக்கர் 160 பேர்ச்சஸ். ஒரு ஹெக்டேயர் ஏறத்தாழ 395. ஆகவே 2 இலட்சத்தைப் பிரித்தால் பேர்ச்சஸுக்கு 506 ரூபாய் வரும். தோட்ட லயத்துக்குப் பின்னால் 20 பேர்ச்சஸில் லீக்ஸ் நட்டவருக்குப் பத்தாயிரத்துச் சொச்சம். கொழுந்து பறிக்கும் சம்பளத்தோடு வைத்துப் பார்த்தால் அதுவும் சின்னத் தொகையில்லை. ஆனால் பட்டியலில் பெயர் இருந்தால்தான் அது கிடைக்கும்.

அந்தப் பட்டியலை யார் எழுதினார், எந்த அளவுகோலில் எழுதினார், விடுபட்டவர் எங்கே போய்க் கேட்பது? இந்தக் கேள்விகளுக்கு நாட்டில் ஏற்கெனவே ஒரு சட்டம் இருக்கிறது. 2015-இல் அரசியலமைப்பின் 19ஆம் திருத்தம் 14அ உறுப்புரையைச் சேர்த்துத் தகவலறிவதை அடிப்படை உரிமையாக்கியது. அதைத் தொடர்ந்து 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் வந்தது. 2017 பெப்ரவரி 3 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதிலிருந்து நட்டஈட்டுக்குக் காத்திருக்கும் மலைநாட்டு விவசாயிக்கு வேண்டிய பிரிவுகளை மட்டும் இங்கே எடுக்கிறேன். ஒவ்வொன்றின் கருத்தையும் என் சொற்களில் சுருக்கி, அதன் கீழ் உரை தருகிறேன்.

பிரிவு 3: கேட்கும் உரிமை யாருக்கு

கருத்து: பகிரங்க அதிகாரசபை ஒன்றின் கைவசமோ பொறுப்பிலோ கட்டுப்பாட்டிலோ உள்ள தகவலைப் பெற ஒவ்வொரு பிரசைக்கும் உரிமை உண்டு. 5ஆம் பிரிவு சொல்லும் விலக்குகள் மட்டுமே இதற்கு வரம்பு.

உரை: கொழும்பில் இருப்பவர் 'பிரசை' என்ற சொல்லைத் தாண்டிப் போய்விடலாம். தேயிலைத் தோட்டத்தில் அப்படிப் போக முடியாது. 1948-இன் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. மிச்சமிருந்த நாடற்றவர்களுக்கும் குடியுரிமை தரும் சட்டம் வந்தது 2003-இல்தான். தகவல் சட்டம் இருபது ஆண்டு முன்னால் வந்திருந்தால், தோட்டத்தில் பலருக்கு இதன் முதல் வரியே கதவை அடைத்திருக்கும். இன்று அந்தத் தடை இல்லை. ஆனால் பழக்கம் இன்னும் வரவில்லை. அரசாங்கக் கந்தோரில் தலைவரை முன்னால் விட்டுப் பின்னால் நிற்கிற பழக்கம் அது.

'பிரசை' என்பதற்குச் சட்டத்தின் 43ஆம் பிரிவு தரும் பொருள் விரிந்தது. அங்கத்தவரில் முக்கால்வாசிக்குக் குறையாதோர் இலங்கைப் பிரசைகளாக இருக்கும் எந்த அமைப்பும், பதிவு செய்யப்பட்டதோ இல்லையோ, பிரசையாகக் கொள்ளப்படும். அப்படியானால் தோட்டத்து மரண உதவிச் சங்கம் கேட்கலாம், மாதர் சங்கம் கேட்கலாம், கோயில் கமிட்டி கேட்கலாம். இதன் பயன் பெரிது. தனி ஆளாய்க் கேட்டவர் நாளைக்கு ஜீ.எஸ். (கிராம சேவகர்) கையெழுத்துக்கும் தொரையின் (தோட்ட முகாமையாளரின்) கடிதத்துக்கும் அதே படிகளில் ஏறவேண்டியவர். சங்கத்தின் பெயரில் கேட்டால் எந்தத் தனி வீடும் குறியாகாது.

பிரிவு 43: யாரிடம் கேட்பது

கருத்து: அமைச்சு, திணைக்களம், பகிரங்கக் கூட்டுத்தாபனம், உள்ளூராட்சி மன்றம், மாகாண அமைச்சு, அரசு கால் பங்கு அல்லது அதற்கு மேல் வைத்திருக்கும் கம்பனி ஆகியவை பகிரங்க அதிகாரசபைகள். அரசின் ஒப்பந்தத்தின் அல்லது உரிமத்தின் கீழ் பொதுப் பணியொன்றைச் செய்யும் தனியார் அமைப்பும் அந்தப் பணியின் அளவுக்கு இதில் அடங்கும்.

உரை: நட்டஈட்டு வழியில் வரும் அலுவலகங்கள் எல்லாம் இதற்குள் வந்துவிடுகின்றன. பிரதேச செயலகம், மாவட்டச் செயலகம், கமநல சேவை நிலையத்தை நடத்தும் கமநல அபிவிருத்தித் திணைக்களம், விவசாய கமநலக் காப்புறுதிச் சபை, அனர்த்த முகாமைத்துவ நிலையம் எல்லாமே கேட்டால் பதில் சொல்லக் கடமைப்பட்டவை.

ஐயம் ஒன்று எழும். தோட்டக் கம்பனி? 1970-களின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டக் காணி அரசுக்குப் போனது. 1992-இல் நிர்வாகம் பிராந்தியத் தோட்டக் கம்பனிகளிடம் போனது. காணி அரசினுடையது, நடத்துவது கம்பனி, ஓரத்துத் துண்டில் மரக்கறி போடுவது தொழிலாளி. மரக்கறி போட்டவர் யார், எவ்வளவு இடத்தில் போட்டார் என்று தோட்ட நிர்வாகம் கடிதம் கொடுத்தால்தான் பெயர் ஏறும் என்று சொல்லப்படும் இடங்களில், அந்தக் கடிதத்தை எப்படிப் பார்ப்பது?

தெளிவு: கம்பனி இந்தச் சட்டத்துக்குள் எவ்வளவு தூரம் வரும் என்று வாதாடத் தேவையே இல்லை. 3ஆம் பிரிவு தகவல் யாருடைய கையில் பிறந்தது என்று கேட்கவில்லை. இப்போது யாருடைய கைவசம் இருக்கிறது என்றுதான் கேட்கிறது. தோட்டம் அனுப்பிய கடிதம் பிரதேச செயலகத்துக் கோப்பில் ஏறிய நிமிடத்திலிருந்து அது பிரதேச செயலகத்தின் கைவசத் தகவல். கம்பனியிடம் கிடைக்காத பிரதியை அரசாங்கக் கந்தோரில் கேட்டு வாங்கலாம்.

பிரிவு 8: கேட்காமலே சொல்லவேண்டியவை

கருத்து: ஒவ்வோர் அமைச்சரும் ஆண்டுக்கு இருமுறை, ஜூன் 30-க்கும் டிசம்பர் 31-க்கும் முன், தமது அமைச்சின் கட்டமைப்பு, அதிகாரம், பின்பற்றும் நியமங்கள், ஒதுக்கப்பட்ட நிதி, கொடுக்கப்பட்ட பணம் ஆகியவை பற்றிய அறிக்கையை அரசகரும மொழிகளில் வெளியிடவேண்டும்.

உரை: இதில் இரண்டைக் கவனிக்க வேண்டும். ஒன்று, நியமங்கள். எந்த விதியை வைத்து ஒருவரை உள்ளே எடுக்கிறார்கள், இன்னொருவரை வெளியே விடுகிறார்கள் என்பது யாரும் கேட்டு வாங்கவேண்டிய இரகசியமன்று. அது வெளியே கிடக்கவேண்டியது. மரக்கறி விவசாயிக்கு இது மிக முக்கியம். அரசு கொண்டுவந்த இலவசப் பயிர்க் காப்புறுதி நெல், சோளம், சோயா, மிளகாய், பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு என்ற ஆறு பயிரை எடுத்துக்கொண்டது. லீக்ஸும் கரட்டும் அந்த ஆறில் இல்லை. ஆகவே உடப்புசல்லாவை விவசாயிக்குப் பெரும்பாலும் கைகொடுப்பது ஒவ்வோர் அனர்த்தத்துக்குப் பிறகும் வரும் தனிச் சுற்றறிக்கைதான். நிலையான திட்டத்தின் விதிகளை ஊர் காலப்போக்கில் தெரிந்துகொள்ளும். ஒருமுறை வந்து போகும் சுற்றறிக்கையை ஒட்டிவைக்காவிட்டால் யாருக்கும் தெரியாது.

மற்றது, மொழி. 1987-இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. தோட்டங்கள் நிறைந்த பிரதேசத்தில் சிங்களத்தில் மட்டும் ஒட்டிய அறிவித்தல் பாதி ஊருக்கு ஒட்டாத அறிவித்தலே.

குறையையும் சொல்லிவிட வேண்டும். 8ஆம் பிரிவு அமைச்சின் மட்டத்தில் நிற்கிறது. நாடு முழுக்க எத்தனை கோடி போனது என்று அறிக்கை சொல்லும். எந்த டிவிசனில் எந்த வீட்டுக்குப் போனது என்று சொல்லாது. 2017-இல் வந்த ஒழுங்குவிதிகள் தானாக வெளியிடும் கடமையை அதிகாரசபைகளுக்கு இன்னும் விரித்திருக்கின்றன. ஆனாலும் கிராம சேவகர் பிரிவுக்கு ஒரு பட்டியல் சுவரில் ஏறினால்தான் அந்தக் கடமை மக்கள் கண்ணுக்குப் படும்.

பிரிவு 5(1)(அ), 5(4), 6: அந்தரங்கம் என்ற மறுப்பு

கருத்து: பொது நடவடிக்கைக்கோ பொது நலனுக்கோ தொடர்பில்லாத, அல்லது வெளியிட்டால் ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடும் தனிப்பட்ட தகவலை மறுக்கலாம். ஆயினும் பொது நலன் பெரிதாக இருந்தாலோ, உரியவர் எழுத்தில் சம்மதித்தாலோ தரலாம். விலக்குக்குள் வரும் தகவலாயினும், அதை வெளியிடுவதன் நன்மை தீங்கைவிடப் பெரிதென்றால் மறுக்கக் கூடாது. ஒரு பகுதியை மறுக்க நேர்ந்தால் அதைப் பிரித்தெடுத்துவிட்டு மிச்சத்தைத் தரவேண்டும்.

உரை: நட்டஈட்டுப் பட்டியல் கேட்டவருக்கு வரக்கூடிய முதல் பதில் இதுதான்: "மற்ற ஆட்களின் பெயர் விவரம் தர ஏலாது, அது தனிப்பட்ட விசயம்." கேட்க நியாயம்போலவே இருக்கும். மூன்று பிரிவுகளையும் சேர்த்து வாசித்தால்தான் அது எவ்வளவு தூரம் நிற்கும் என்று தெரியும்.

முதலில், பணம் யாருடையது? திறைசேரியிலிருந்து பொது நிதியாக வந்தது. பொது நிதியிலிருந்து ஒரு தொகையைப் பெறுவது பொது நடவடிக்கையோடு தொடர்பில்லாத காரியமென்று சொல்ல முடியாது. அடுத்து, பட்டியலின் ஒவ்வொரு நிரலையும் தனித்தனியே பார்க்கவேண்டும். பெயர், பிரிவு, பயிர், பேர்ச்சஸ் அளவு, கொடுத்த தொகை ஆகிய ஐந்தும் வெளியே வரலாம். அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம், தொலைபேசி இலக்கம் ஆகிய மூன்றும் வரவே கூடாது. வெள்ளத்தில் நொந்தவரின் கணக்கு இலக்கத்தைச் சுவரில் ஒட்டுவது மோசடிக்காரனுக்கு விருந்து வைப்பது. 6ஆம் பிரிவு இருப்பது இதற்குத்தான். மூன்று நிரலைக் கறுப்பு மையால் மறைத்துவிட்டு ஐந்தைக் கொடு என்கிறது அது. மூன்றுக்காக எட்டையும் மறுப்பது சட்டத்தின் வழியன்று.

பெயரை வெளியிட்டால் ஊரில் பொறாமையும் சண்டையும் வரும் என்பார்கள். வரும். ஆனால் இந்த நாட்டில் இது செய்து பார்க்காத காரியமன்று. 2023-இல் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவுக்குத் தெரிவானோர் பட்டியல் வெளியிடப்பட்டது. விடுபட்டவர் மேன்முறையீடு செய்யவும், தகுதியில்லாதவர் பெயருக்கு எவரும் ஆட்சேபனை தெரிவிக்கவும் காலம் தரப்பட்டது. மேன்முறையீடுகள் இலட்சக்கணக்கில் குவிந்தன. அது குளறுபடிதான். ஆனால் பட்டியல் வெளியே வந்ததால்தான் குளறுபடி கண்ணுக்குத் தெரிந்தது.

வெளியிடாமல் நேரே வங்கியில் போட்டால் ஊழல் வராது என்பதும் முழு உண்மையன்று. விவசாயிகளின் வங்கிக் கணக்கில் நேரே பணம் போடும் இந்தியாவின் பிரதமர் கிசான் திட்டத்தில், 2020-இல் தமிழ்நாட்டில் நடந்ததைப் பார்க்கலாம். விவசாயியே அல்லாத 5 இலட்சத்துக்கு மேற்பட்டோரின் கணக்குக்கு 100 கோடி இந்திய ரூபாய்க்கு மேல் போயிருந்தது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் பக்கம் வெளிப்பட்டுப் பின்பு பல மாவட்டங்களில் விசாரணை நடந்தது. பணம் கணினி வழியாகவே போனது. பெயரைச் சேர்த்த நேரத்தில் பக்கத்து வயல்காரன் அதைப் பார்க்கவில்லை. யார் எங்கே பயிர் வைத்தான் என்று உத்தியோகத்தரைவிடப் பக்கத்துப் பாத்திக்காரனுக்கு நன்றாகத் தெரியும்.

பிரிவு 24: கேட்கும் முறை

கருத்து: அதிகாரசபையின் தகவல் உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேட்கவேண்டும். எழுத இயலாதவர் வாயால் சொன்னால் உத்தியோகத்தரே எழுதிக்கொள்ள வேண்டும். கிடைத்ததற்கு எழுத்தில் பற்றுச்சீட்டு உடனே தரவேண்டும். எதற்காகக் கேட்கிறாய் என்று காரணம் கேட்கக் கூடாது.

உரை: சட்டத்தின் முழுப் பயனும் கேள்வியை எழுதும் விதத்தில் இருக்கிறது. "எனக்கு ஏன் நட்டஈடு கிடைக்கவில்லை?" என்று எழுதினால் அது முறைப்பாடு. தகவல் சட்டம் கைவசமுள்ள ஆவணத்தைத் தரும். விளக்கத்தை உருவாக்கித் தராது. "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு வரியில் பதில் வந்து கதை முடியும். ஆகவே 'ஏன்' என்பதை விட்டுவிட்டு ஆவணங்களைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். இப்படி:

"2025 நவம்பர் அனர்த்தத்தின் பின் எமது கிராம சேவகர் பிரிவில் மரக்கறிச் செய்கைச் சேதத்துக்கு நட்டஈடு வழங்கியது தொடர்பாகப் பின்வருவனவற்றின் பிரதிகளைத் தரவும். 1. தகுதியை நிர்ணயித்த சுற்றறிக்கையும் அறிவுறுத்தல் கடிதங்களும். 2. சேதத்தை மதிப்பிட்ட பதிவேட்டின் பக்கங்கள். 3. சிபாரிசு செய்யப்பட்டோர், பணம் பெற்றோர் பட்டியல், தொகையுடன். 4. நிராகரிக்கப்பட்டோர் பட்டியலும் ஒவ்வொன்றுக்கும் எழுதிய காரணமும். அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, தொலைபேசி இலக்கங்களை மறைத்துத் தந்தால் போதும்."

கடைசி வாக்கியம் வேண்டுமென்றே போட்டது. அந்தரங்கம் என்று மறுக்க வருபவருக்கு அது வழியை முன்கூட்டியே மூடிவிடுகிறது.

நான்கில் எது முக்கியம்? பலரும் மூன்றாவதைத்தான் கேட்பார்கள்: யார் யாருக்குக் கிடைத்தது. உறுத்துவது அதுதான். ஆனால் தோட்டத்து விவசாயிக்கு முதலாவதும் இரண்டாவதுமே உயிர். காணி உறுதியோ பேர்மிட்டோ இல்லாமல் ஓடைக்கரைத் துண்டில் பயிர் வைத்தவர் பெயர், பணம் பெற்றோர் பட்டியலில் இருக்காது. கமநல நிலையத்தில் விவசாயி என்று பதிவு இல்லாவிட்டால் நிராகரிக்கப்பட்டோர் பட்டியலிலும் அவர் இல்லாமல் போகலாம். அவரை யாரும் நிராகரிக்கவில்லை, எழுதவே இல்லை. இது தெரிய மதிப்பீட்டுப் பதிவேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

முதலாவதைக் கேட்பது ஏனென்றால், தட்டவேண்டிய கதவு எது என்று அதுதான் சொல்லும். சுற்றறிக்கை காணி உரித்தைக் கேட்டால், கிராம சேவகரோடும் வெளிக்கள உத்தியோகத்தரோடும் சண்டை போட்டுப் பயனில்லை. விதியே தோட்டத்து விவசாயியை வெளியே வைத்திருக்கிறது. அதை மாற்றவேண்டியவர்கள் நாடாளுமன்றத்திலும் அமைச்சிலும் இருக்கிறார்கள். தொழிற்சங்கங்களின் வேலையும் அதுவே. மாறாக, பயிர் செய்தவருக்குக் கொடு என்று சுற்றறிக்கை சொல்லி, கீழே உள்ளவர் காணிப் பத்திரம் கேட்டுத் திருப்பி அனுப்பியிருந்தால், குற்றம் விதியில் இல்லை. அந்தக் காகிதத்தையே கையில் எடுத்துக்கொண்டு பிரதேச செயலாளரிடம் மேன்முறையீடு செய்யலாம். இந்த இரண்டையும் பிரித்தறியாமல் ஜீ.எஸ்.ஐத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போவதுதான் பல ஆண்டாக நடக்கிறது.

கிடைத்த ஆவணத்தை என்ன செய்வது என்பதற்கு இராஜஸ்தான் ஒரு வழி காட்டியது. 1994 டிசம்பரில் கோட்கிரானா என்ற ஊரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் என்ற அமைப்பு பஞ்சாயத்துக் கணக்குகளை ஊர்க்கூட்டத்தில் உரக்க வாசித்தது. யார் யாருக்குக் கூலி கொடுத்ததாக எழுதியிருந்ததோ அவர்களே எழுந்து, கிடைத்ததா இல்லையா என்று சாட்சி சொன்னார்கள். இந்தியாவின் தகவல் உரிமை இயக்கம் இத்தகைய கூட்டங்களிலிருந்துதான் வளர்ந்தது. தோட்டத்திலும் எழுத்தறியாத முதியவர் உண்டு. கோயில் முன்றலில் பட்டியலை வாசித்தால் போதும்.

பிரிவுகள் 25, 31, 32: காலக்கெடு

கருத்து: தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்துச் சொல்லவேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு. அவர் மூன்று வாரத்துக்குள் முடிவு சொல்லவேண்டும். அதிலும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

உரை: நாட்கணக்கை எண்ணத் தொடங்குவது பற்றுச்சீட்டின் திகதியிலிருந்து. "வச்சிட்டுப் போங்க, பார்ப்போம்" என்று சொல்பவரிடம், "சேர், கிடைச்சதுக்கு ஒரு துண்டு தாங்க" என்று கேட்காமல் திரும்பினால் மேன்முறையீட்டில் காட்ட ஆதாரம் இருக்காது. அந்தத் துண்டு சட்டப்படி தரவேண்டியது, தயவு அன்று.

ஆணைக்குழுவுக்குப் போனபின் நிலைமை தலைகீழாகிறது. சட்டப்படி நடந்தோம் என்று நிரூபிக்கும் சுமை அதிகாரசபையின் தலையில் விழுகிறது. பட்டியல் வேண்டுமென்று விவசாயி வாதிட வேண்டியதில்லை. ஏன் தரவில்லை என்று அலுவலகம் சொல்லவேண்டும்.

பிரிவு 7: பதிவேட்டின் ஆயுள்

கருத்து: அதிகாரசபைகள் பதிவேடுகளை நிரல்படுத்திப் பேணவேண்டும். சட்டம் நடைமுறைக்கு வந்தபின் உருவான ஆவணங்களைக் குறைந்தது 12 ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

உரை: நட்டஈடு என்றால் கிடைத்தது, கிடைக்கவில்லை என்று மூன்று மாதத்தில் பேசி மறந்துவிடும் விசயமாக இருக்கிறது. சட்டம் அப்படி மறக்க விடவில்லை. 2025 டிசம்பரில் எழுதிய மதிப்பீட்டுப் பதிவேடு 2037 டிசம்பர் வரை கந்தோரில் இருந்தாக வேண்டும். டித்வாவில் விடுபட்டவர் இன்றும் கேட்கலாம்; அடுத்த ஆண்டும் கேட்கலாம். கேட்பதால் கிடைக்கப்போவது பழைய பத்தாயிரம் மட்டுமில்லை. எந்தப் பதிவில் பெயர் இல்லாததால் விடுபட்டோம் என்று அந்தப் பக்கங்கள் காட்டிக்கொடுக்கும். கமநல நிலையத்துப் பதிவா, கிராம சேவகர் எழுதிய பெயரா, தோட்டம் கொடுக்காத கடிதமா என்று தெரிந்தால், அடுத்த பருவமழை வருமுன் அந்த ஓர் இடத்தைச் சரிசெய்துகொள்ளலாம். மண்சரிவு வலயத்தில் பயிர் செய்பவருக்கு அடுத்த பட்டியல் நிச்சயம் வரும். அதில் தன் பெயர் ஏறுகிறதா என்பதை அவர் இப்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு வேண்டிய காகிதத்தைக் கேட்டு வாங்கும் உரிமையை இந்தச் சட்டம் அவர் கையிலேயே கொடுத்திருக்கிறது.